அண்ணி படித்த டிஸ்க்

ஆம்பூர் பேருந்து நிலையத்தில், வேலூர் பஸ்ஸிலிருந்து என் நாத்தனார் இறங்கிய காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது. கஞ்சி போட்ட பருத்திச் சேலை, தோளில் பள்ளிக்கூடப் பை, இடுப்பில் போர்வை சுற்றிய ஒரு பெரிய மூட்டை. அதை ஒரு கையால் குழந்தையைப் போல அணைத்துப் பிடித்திருந்தார். கண்டக்டர் படியிலிருந்து குனிந்து, "பாத்து எறங்குங்க டீச்சர்" என்றார். நான் ஓடிப்போய்க் கை நீட்டினேன். "நீ விடு. ஆட்னா உள்ள எல்லாம் கழண்டுக்கும்" என்று மறுத்துவிட்டார். போர்வைக்குள் இருந்தது அவர் வீட்டுக் கம்ப்யூட்டர். வழி முழுக்க அதை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

என் கணவரின் அக்கா அவர். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். வேலூரில் பெண்கள் பள்ளி ஒன்றில் கணக்கு டீச்சர். பள்ளிக்குக் கம்ப்யூட்டர்கள் வந்து இறங்கியபோது மற்ற ஆசிரியர்கள் ஒதுங்கிக்கொள்ள, அந்தப் பாடமும் இவர் தலையில் விழுந்தது. விழுந்ததை இவர் விரும்பிப் பிடித்துக்கொண்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நகை வாங்கச் சேர்த்து வைத்திருந்ததில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார் என்று என் மாமியார் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி வருத்தப்படுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் ஆராதனை முடிந்ததும் ஆம்பூருக்கு வருவார். குழம்பில் புளி ஜாஸ்தி என்பார், துணி காயப்போட்டிருப்பது சரியில்லை என்பார். புதிதாகக் கல்யாணமாகி வந்திருந்த நான், கேட் திறக்கும் சத்தம் கேட்டாலே சமையலறைக்குள் ஒதுங்கிக்கொள்வேன். என் வேலையைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் கேட்டதில்லை. அதை ஒரு வேலையாகவே அவர் நினைக்கவில்லை என்று எண்ணியிருந்தேன்.

ஊரைச் சுற்றியிருந்த தொழிற்சாலைகளெல்லாம் வெளிநாட்டுக்கு ஷூ தைத்துக்கொண்டிருந்த காலத்தில், நான் வேலை பார்த்த சிறிய பட்டறை நம்மூர்க் கால்களுக்குச் செருப்புத் தைத்தது. தொழுநோய் குணமான பிறகும் பாதத்தில் உணர்ச்சி திரும்பாதவர்கள் எங்களிடம் வந்தார்கள். முள் குத்தினாலும் அவர்களுக்குத் தெரியாது. செருப்பு ஓரிடத்தில் அழுத்தினால் அந்த இடம் புண்ணாகும், புண் எலும்பு வரை போகும். அதனால் ஒவ்வொரு பாதத்தையும் தனித்தனியாக அளந்து, எங்கே மெத்தை வேண்டும், எங்கே பள்ளம் வேண்டும் என்று பார்த்துத்தான் தோலை வெட்டுவார்கள். அளப்பதற்கு ஒரு கண்ணாடி மேசையும் அதோடு இணைந்த கம்ப்யூட்டரும் இருந்தன. வெளிநாட்டு நண்பர்கள் சிலர் கொடுத்துவிட்டுப் போனவை. அந்தக் கம்ப்யூட்டரில் விண்டோஸ் கிடையாது. ஓஎஸ்-டூ என்ற வேறொன்றில் அது ஓடியது. அதை ஓட்டத் தெரிந்த ஒரே ஆள் நான்தான். சுவரோரம் ஒரு பிளாட்டர் நின்றது. நான் சொன்னதும் அதன் பேனா அகலமான தாளில் பாதத்தின் உருவத்தை உண்மையான அளவிலேயே வரைந்து தரும்.

ஒருநாள் இடி மழையில் மின்சாரம் எகிறிக் கம்ப்யூட்டர் புகைந்துபோயிற்று. ராணிப்பேட்டையிலிருந்து வந்த மெக்கானிக் பிரித்துப் பார்த்துவிட்டு, போர்டு போய்விட்டது, டிஸ்க் மட்டும் சுற்றுகிறது என்றார். அதைக் கழற்றி, அலுவலகத்தில் கடிதம் அடிக்கும் விண்டோஸ் கம்ப்யூட்டரில் மாட்டினார். இந்த டிஸ்க் பார்மேட் செய்யப்படவில்லை, இப்போது செய்யலாமா என்று திரையில் ஒரு கேள்வி வந்தது. செய்தால் டிஸ்கில் இருப்பதெல்லாம் அழிந்துபோகும்.

"இன்னாம்மா, இதுல ஒண்ணுமே இல்லியே. காலி டிஸ்க்கு. பார்மேட் பண்ணிட்டா புதுசா யூஸ் பண்ணிக்கலாம்" என்று அவர் விசையை நோக்கிக் கையைக் கொண்டுபோனார்.

"வேணாம் சார். கழட்டிக் குடுத்துடுங்க" என்றேன். நான் சத்தமாகச் சொல்லிவிட்டது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அந்த டிஸ்க் காலி என்றால், அத்தனை வருடங்கள் நான் அளந்த பாதங்கள் எங்கே போயின?

மேனேஜர் நல்ல மனிதர்தான். எல்லாரையும் மறுபடி வரவழைத்து அளந்துகொள்ளலாம் என்றார். ஆனால் கூலி வேலையை விட்டுவிட்டு, பஸ் ஏறி, புண்பட்ட காலோடு வர வேண்டியவர்கள் அவர்கள். அதிலும் திமிரிப் பக்கத்திலிருந்து வரும் ஓர் அம்மா என் மனதை விட்டு அகலவில்லை. கடலைக்கொல்லையில் களை எடுப்பவர். செருப்பின் அடி தேய்ந்து, வலது காலில் புண் வந்து, முழங்கால் வரை மாவுக்கட்டு போட்டிருந்தார்கள். கட்டுக்குள் இருக்கும் காலை எப்படி அளப்பது? கட்டைப் பிரிக்கும் நாளில் புதுச் செருப்பு தயாராக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவர் வெறுங்காலோடு கொல்லைக்குப் போவார், புண் மறுபடி திறந்துகொள்ளும். இன்னொரு முறை திறந்தால் பாதி பாதத்தை எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்தக் காலின் அளவு இருந்தது அந்த டிஸ்கில் மட்டும்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் சாப்பாடு பரிமாறிக்கொண்டிருந்தபோது அண்ணி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏன் ஒரு மாதிரி இருக்கே?" என்றார். சொன்னேன். பாதியில் கை கழுவ எழுந்தவர் திரும்பி வந்து உட்கார்ந்தார். பழைய கம்ப்யூட்டரைப் போட்டதும் திரையில் முதலில் என்ன வரும், பிறகு என்ன வரும் என்று துருவித் துருவிக் கேட்டார். ஓஎஸ்-டூ என்றதும் அவர் முகம் மாறியது.

"அது காலி டிஸ்க் இல்ல. பைலை எல்லாம் வேற முறையில அடுக்கி வெச்சிருக்கும். விண்டோஸுக்கு அத படிக்கத் தெரியாது, அவ்ளோதான். தெரியாததுக்கு எல்லாம் காலின்னு சொல்லிடும். விண்டோஸ் மாதிரியே லினக்ஸ்னு இன்னொண்ணு இருக்கு, அதுக்குத் தெரியும்னு நினைக்கிறேன். நான் லீவு போட்டுட்டு வர்றேன்."

அப்படித்தான் அவர் போர்வை மூட்டையோடு வந்து இறங்கினார். அவர் கம்ப்யூட்டரில், ஒரு பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியிலிருந்து போட்ட லினக்ஸ் இருந்தது. பட்டறையில் தோல் வெட்டும் மேசையின் ஓரத்தில் இடம் ஒதுக்கிக் கொடுத்தார்கள். மெக்கானிக்கும் வந்திருந்தார். டிஸ்கை மாட்டுவதற்கு அவர்தான் பொறுமையாக உதவினார். கறுப்புத் திரையில் அண்ணி ஒரு கட்டளையை அடித்தார். முடியாது என்று பதில் வந்தது. வேறு விதமாக அடித்தார். மறுபடி முடியாது என்றது. கையோடு கொண்டுவந்திருந்த தாள்களைப் புரட்டினார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார், முணுமுணுத்தார். தைக்கிற பெண்கள் எந்திரத்தை நிறுத்திவிட்டுப் பார்க்க ஆரம்பித்தார்கள். மேனேஜர் இருமுறை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். எனக்குத்தான் கூச்சமாக இருந்தது, அவரை இவ்வளவு தூரம் அலைக்கழித்துவிட்டோமே என்று.

மதியச் சாப்பாட்டுக்கு மணி அடித்தபோது அவர் இன்னொரு கட்டளையை அடித்தார். இந்த முறை எந்தப் பதிலும் வரவில்லை. "ஒண்ணும் சொல்லலன்னா ஒத்துக்கிச்சுன்னு அர்த்தம்" என்று சொல்லி அடுத்ததை அடித்தார். திரை முழுக்கப் பெயர்கள் ஓடின. எண், ஊர், இடது, வலது என்று நானே ஒவ்வொரு பாதத்துக்கும் இட்ட பெயர்கள். திமிரி அம்மாவின் வலது கால் கண்ணில் பட்டதும் திரையில் அந்த வரிமேல் விரலை வைத்தேன்.

ஆனால் கண்டம் அதோடு தீரவில்லை. பைல்களைத் திறந்து பார்க்கும் புரோகிராம் ஓஎஸ்-டூவில் மட்டும்தான் ஓடும், அண்ணியின் கம்ப்யூட்டரில் ஓடாது. எதைத் திறந்தாலும் பூச்சி பூச்சியாக ஏதோ தெரிந்தது. மெக்கானிக், "பேஜாரா போச்சே" என்று தலையில் கை வைத்தார். அண்ணி விடாமல் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே போனார். திடீரென்று நிறுத்தி, "இங்க வா, இது இன்னா?" என்றார். அதில் இருந்தவை வெறும் எழுத்தும் எண்ணும். பிளாட்டருக்கு அனுப்பும் பைல் அது என்று எனக்குத் தெரியும், உள்ளே பார்த்ததில்லை. பேனாவைத் தூக்கு, இந்த இடத்துக்குப் போ, பேனாவை இறக்கு, அந்த இடம் வரை கோடு போடு என்பதைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை என்று அண்ணி விரல் வைத்துக் காட்டினார். "புரோகிராமே வேணாம். இத அப்படியே அந்த மிஷினுக்கு ஊத்திடலாம்."

பிளாட்டரின் வயரை அவர் கம்ப்யூட்டரில் சொருகினேன். தாள் வைத்தேன். அவர் ஒரே ஒரு வரி அடித்தார். பேனா ஓர் உலுக்கு உலுக்கிவிட்டு நகர ஆரம்பித்தது. குதிகால் வந்தது. பாதத்தின் உள்வளைவு வந்தது. பெருவிரல் வந்தது. சுண்டுவிரல் இருக்க வேண்டிய இடத்தில் கோடு நிற்காமல் வழுக்கிக்கொண்டு போனது. அந்த அம்மாவுக்கு அங்கே விரல் கிடையாது. தைக்கிற பெண்களில் ஒருத்தி, "அவங்க காலேதான்" என்றாள். பேனா நின்றது. தோல் வெட்டும் கட்டர் மாஸ்டர் வந்து தாளை எடுத்துக்கொண்டு போனார்.

அன்று திரும்பிப் போகும்போது பஸ்ஸில் ஏறுமுன் அண்ணி சொன்னார்: "அந்த டிஸ்கைப் படிக்க மட்டும்தான் திறந்தேன். ஒரு எழுத்துகூட அதுல எழுத விடல. அதனால பயப்படாதே, எல்லாம் அப்படியே இருக்கு." கொஞ்சம் தயங்கிவிட்டு, "நான் பண்ணது பெருசில்ல. அன்னிக்கு நீ வேணாம்னு சொன்னே பாரு. அத சொல்லலன்னா நான் வந்து எத படிக்கிறது?" என்றார். கல்யாணமாகி அத்தனை நாளில் அவர் என்னைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை.

மாவுக்கட்டைப் பிரித்த அன்று, ஆஸ்பத்திரிக்கு நாங்கள் அனுப்பியிருந்த புதுச் செருப்போடு திமிரி அம்மா பட்டறைக்கு நடந்து வந்தார். காலைத் தூக்கிக் காட்டி, "அளக்காமயே எப்பிடி கண்ணு தெச்சீங்க?" என்றார். "எங்க அண்ணி" என்றேன். அதற்கு மேல் எனக்கு விளக்கத் தெரியவில்லை. அதன் பிறகு அவர் வந்த ஒவ்வொரு முறையும் அண்ணியை விசாரித்துவிட்டு, ஒரு பை வேர்க்கடலை கொடுத்தனுப்புவார். நான் அதை வேலூருக்குச் சேர்ப்பேன். அண்ணி வறுவல் போதவில்லை என்று சொல்லிக்கொண்டே எல்லாவற்றையும் தின்று தீர்ப்பார். அப்புறமெல்லாம் கேட் சத்தம் கேட்டால் நானே ஓடிப்போய்த் திறப்பேன்.

அண்ணி ஓய்வு பெற்று எங்களோடு வந்து சில வருடங்கள் ஆகின்றன. போன மாதம் ஆராதனை முடிந்து வந்தவர் வாசலில் நின்றபோது, ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. இன்னொன்று எங்கே என்று கேட்டேன். குனிந்து பார்த்து அவரும் திகைத்தார். வழியில் எங்கோ கழன்றுவிட்டிருக்கிறது, அவருக்குத் தெரியவில்லை. பல வருடமாக அவருக்கு இருந்த சர்க்கரை நோய் அவர் பாதங்களின் உணர்ச்சியைத் தொட்டுவிட்டது என்று எனக்கு அந்த நிமிடமே புரிந்தது. எத்தனையோ பேரிடம் நான் பார்த்த அடையாளம் அது.

மறுநாளே பட்டறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கண்ணாடி மேசையில் ஏறி நின்றவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "ஒழுங்கா அள. ரெண்டு காலையும் தனித்தனியா பாரு" என்று அதட்டினார். கறுப்பு நிறம் வேண்டாம் என்றார், வார் அகலமாக இருக்கக் கூடாது என்றார். நான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேன், அகலத்தை மட்டும் கேட்கவில்லை; குறுகலான வார் உணர்ச்சியில்லாத காலை அழுத்திப் புண்ணாக்கிவிடும். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் இருவரும் ஆராதனைக்கு நடந்துதான் போகிறோம். நான் இரண்டடி முன்னால் போவேன். அவர் குறை சொல்லிக்கொண்டே பின்னால் வருவார். என் காது அந்தப் பேச்சில் இருக்காது. இரண்டு செருப்பின் சத்தமும் மாறி மாறி வருகிறதா என்று கேட்டுக்கொண்டே நடப்பேன். வருகிறது.