வாலுக்கு ஒரு பட்டை

எங்க ஊட்டுக்காரரு போர்க் கெணறு தோண்டற ரிக் வண்டிக்குப் பாடி கட்டறவரு. சங்ககிரியில பட்டறை. அவரு கை வெச்சா எதுவும் உறுதியாத்தான் இருக்கும், அதுல குத்தம் சொல்ல முடியாது. கம்பெனி போட்டது பத்தாதுன்னு பின்னாடி இன்னொரு இரும்புப் பட்டையைச் சேர்த்து அடிச்சுக் குடுக்கறது இந்தப் பக்கத்துப் பழக்கம். வாங்கறவங்களும் அதைத்தான் கேப்பாங்க. அதை விமானத்துலயும் காட்டுவாருன்னு நான் என்ன கனவா கண்டேன்?

விமானம்னா நெசமான விமானந்தான். வெளிநாட்டுலருந்து பொட்டி பொட்டியா வந்ததைப் பட்டறைக்குப் பின்னாடி கொட்டாயில வெச்சு அவரே பூட்டுனாரு. ரெண்டே சீட்டு, ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணு. வேகமாப் போகோணும்னு இறக்கையைச் சின்னதா வெச்ச ரகம். அவரு முறையாப் பறக்கக் கத்துக்கிட்டவரு, லைசென்சும் உண்டு. ஆனா வெண்ணந்தூர்ப் பக்கம் அவரு விமானத்தைக் கொண்டுபோயி நிறுத்துன ஓடுதளம் முச்சூடும் ஜல்லி. பின் சக்கரம் ஒடிஞ்சிரும்னு பயந்து, வாலோட கடைசியில ஒரு பட்டையை வெச்சு முடுக்கிட்டாரு. கையில தூக்குனா பெரிய பாரமில்லை. தனியாப் போனப்பவெல்லாம் நல்லாத்தான் பறந்துச்சு. வால் பக்கம் பாரம் கூடிருச்சான்னு மறுபடி எடை போட்டுப் பாக்கோணும்னு மனுசனுக்குத் தோணவே இல்லை.

ஒரு ஞாயித்துக்கிழமை என்னையப் பின் சீட்டுல உக்கார வெச்சாரு. எனக்கு இஷ்டமே இல்லை. தலைக்கு மேல கண்ணாடி மூடியை இழுத்துப் பூட்டுனதும் மூச்சு அடைச்சுப் போச்சு. முன்னாடி அவரு முதுகு, ரெண்டு பக்கமும் தோளை இடிக்கற தகரம். இறங்கறேன்னு வாயெடுக்கறதுக்குள்ள வெண்ணந்தூர் வயக்காடெல்லாம் கீழ போயிருச்சு.

நல்லா மேல போனதும், ஆளை ஏத்திக்கிட்டு ஸ்டால் எப்படி இருக்குன்னு பாக்கறேன்னாரு. வேகத்தைக் குறைச்சு மூக்கைத் தூக்கிட்டே போனா ஒரு கட்டத்துல இறக்கை தாங்காம விட்டுரும், அதுதான் ஸ்டாலு. மூக்கு தானாத் தணியும், வேகம் புடிச்சு நேராகிக்கும்னு வெவரமாச் சொன்னாரு. எங்க தணிஞ்சுது! இடது இறக்கை மட்டும் பொதுக்குனு எறங்கி, விமானம் சுத்த ஆரம்பிச்சிருச்சு.

இஞ்சினைத் தணிச்சாரு, சுத்தறதுக்கு எதிர்ப்பக்கத்துப் பெடலை மிதிச்சாரு, ஓட்டற குச்சியை முன்னாடி தள்ளுனாரு. சுத்தலுக்கு வைத்தியம் அதுதான், ஊட்ல அவரு சொல்லிச் சொல்லி எனக்கே மனப்பாடம். மூக்கு அசையலை. பட்டையும் நானுஞ் சேந்து வாலை அமுக்கிப் புடிச்சிருந்தோம். தட்டாட்டம் கெடையாச் சுத்திக்கிட்டே கீழ போகுது. கொல்லிமலை வருது, போகுது, மறுபடி வருது. எனக்கு அழுகை வரலை, ஆங்காரந்தான் வந்துச்சு. இந்தத் தகர டப்பாக்குள்ள சாகறதுக்கா என்னையப் பெத்தாங்க?

"பெல்ட்டைக் கழட்டு புள்ள. அப்பிடியே எம் முதுகு மேல சாஞ்சு வா."

கழட்டிட்டேன். சுத்தற வேகம் என்னையப் பின்னாடியே இழுக்குது. அவரு சீட்டுக் கம்பியைப் புடிச்சு ஏறி, தோள் மேல கவுந்து, தலை கண்ணாடியில இடிக்க இடிக்க அமுக்குனேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் ஆகலை. அப்புறம் மூக்கு மெல்லத் தணிஞ்சுது. சுத்தல் நின்னுச்சு. தென்னை மட்டை தனித்தனியாத் தெரியற ஒசரத்துல நிமித்திட்டாரு.

எறங்குன கையோட அந்தப் பட்டையைக் கழட்டி எறிஞ்சாரு. எடை போட்டு எல்லாஞ் சரி பண்ணுனாரு. இனிமே ஒரு பயமும் இல்லைன்னாரு. ஆனா ஏறலை. வாரவாரம் ஓடுதளத்துக்குப் போயி விமானத்தைத் தொடைச்சு வெச்சுட்டு வந்துருவாரு. சோறும் சரியா எறங்கலை. வித்துருங்கன்னு சொன்னப்பத்தான் வாயைத் தொறந்தாரு.

"நீ பின்னாடி உக்காந்தா ஏறுவேன். நீயில்லாம எனக்குக் கை ஓடாது."

பாசமாத்தான் சொன்னாரு. மாட்டேன்னா, வருசக்கணக்கா அவரு பாத்துப் பாத்துக் கட்டுனது ஓடுதளத்துக் கொட்டாயிலயே கெடக்கும், அவரும் அதோட சேந்து கெடப்பாரு. சரின்னா, மறுபடி அந்தக் கண்ணாடிக்குள்ள நான். அந்த வாரம் முச்சூடும் அடுப்படியில பாத்திரத்தைப் போட்டு உருட்டிக்கிட்டே கெடந்தேன்.

ஞாயித்துக்கிழமை காலையில, அவரு சட்டை மாட்டறதுக்கு முன்னாடியே போயிக் கார்ல உக்காந்துட்டேன். சந்தோசத்துல அவருக்குப் பேச்சே வரலை. எனக்குந்தான் வரலை.