தாண்டிப் போன மாதா

அக்டோபர் வந்தால் நெய்வேலி டவுன்ஷிப்பில் எங்கள் பிளாக்குக்கு மாதா வீடு வீடாக வருவார். கோயிலிலிருந்து மாதாவின் ஒன்றரை அடிச் சிலையை, நாங்கள் சுரூபம் என்போம், எங்கள் அன்பியத்திடம் கொடுத்துவிடுவார்கள். அன்பியம் என்பது வேறொன்றுமில்லை. பக்கத்துப் பக்கத்துத் தெருக்களில் இருக்கும் பதினான்கு கிறிஸ்தவக் குடும்பங்கள் சேர்ந்து செபம் சொல்லும் கூட்டம். ஒரு நாளைக்கு ஒரு வீடு. மறுநாள் மாலை ஆறு மணிக்கு அந்த வீட்டம்மா சுரூபத்தை ஏந்திக்கொண்டு முன்னால் நடக்க, மற்றவர்கள் செபமாலை சொல்லிக்கொண்டு பின்னால் போய், அடுத்த வீட்டு வாசலில் ஒப்படைக்க வேண்டும். அங்கே அந்த வீட்டுக்காரி கோலம் போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டு கேட்டில் நிற்பாள். என் வீட்டுக்கு அடுத்த முறை பக்கத்துக் குவார்ட்டர்ஸ் தங்கச்சி வீட்டுக்கு.

தங்கச்சி என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. அவள் திருநெல்வேலிக்காரி, நான் பண்ருட்டிக்காரி. இருபது வருஷம் ஒரே மதிலுக்கு இரண்டு பக்கமும் இருந்தோம். என் அம்மா வீட்டிலிருந்து பலாப்பழம் வந்தால் பாதி மதிலைத் தாண்டிவிடும். அவள் வீட்டுக்காரர் ஒப்பந்தங்களைப் பார்க்கும் பிரிவில் ஆபீசர். எதிரே வந்தால் தலையை மட்டும் ஆட்டுவார், நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசி நான் கேட்டதில்லை.

மூன்று வருஷத்துக்கு முன், ஒரு செப்டம்பர் காலையில், அந்த வாசலில் இரண்டு கார்கள் வந்து நின்றன. வந்தவர்கள் மத்திய அரசின் விசாரணை அதிகாரிகள். ஒரு ஒப்பந்தத்தில் அவர் லஞ்சம் வாங்கினார் என்று வழக்கு. சாயங்காலம் அவரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். மறுநாள் டீக்கடையில் கிளிப் போட்டுத் தொங்கவிடும் பேப்பர் போஸ்டரில் கொட்டை எழுத்தில் அவர் கைதான செய்தி. மைன்ஸில் முதல் ஷிப்ட் முடிந்து வந்த என் வீட்டுக்காரர் வண்டிக்கு ஸ்டாண்ட் போடுவதற்குள், "பார்த்தியா?" என்றார். பார்க்காமல் இருப்பேனா? பால் வாங்கப் போனவள் நின்று இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் வந்திருந்தேன்.

இரண்டு வாரத்தில் ஜாமீனில் வந்துவிட்டார். வேலையிலிருந்து சஸ்பெண்ட் செய்திருந்தார்கள். ஜன்னல்கள் பகலெல்லாம் சாத்தியே கிடந்தன. அந்த நேரம் பார்த்தா அக்டோபர் வர வேண்டும்!

அன்பியத்துக்குப் பொறுப்பாளர் நான்தான். அந்த வீட்டுக்குப் போகாதே என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. ஒருத்தி மட்டும், "பாவம், அவங்க இருக்கிற நெலமையில நாம போயி பாட்டுப் பாடிக்கினு நின்னா நல்லாவா இருக்கும்?" என்றாள். "ஆமாங்க, நாம எதுக்குத் தொந்தரவு குடுத்துக்கினு" என்றேன் நான். அதற்கு இரக்கம் என்று பேர் வைத்துக்கொண்டோம். உண்மையில் பயம்தான். என் வீட்டுக்காரருக்கு பிரமோஷன் லிஸ்ட் வரும் சமயம் அது. அந்த வீட்டுக்கு யார் யார் போய்வருகிறார்கள் என்று எங்கேயோ உட்கார்ந்து ஒருவர் எழுதிக்கொண்டிருப்பதாக நான் நம்பினேன்.

சரி, அவளிடமாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதுவும் செய்யவில்லை. அவளாகவே புரிந்துகொள்வாள் என்று இருந்துவிட்டேன். சுரூபத்தை ஏந்திக்கொண்டு என் கேட்டைவிட்டு வெளியே வந்தால், அவள் தன் கேட்டில் நிற்கிறாள். தலைக்குக் குளித்து, பட்டுச்சேலை கட்டி, கையில் மெழுகுவர்த்தியோடு. வாசலில் பெரிய கோலம். பின்னால் இருபது பேர். நான் தலையைக் குனிந்துகொண்டு, செபத்தை இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லிக்கொண்டு, அந்தக் கோலத்தை மிதிக்காமல் ஓரமாகத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போனேன். மிதிக்காமல் போனதையே பெரிய மரியாதை என்று அன்றைக்கு நினைத்தேன் பாருங்கள், வெட்கக்கேடு!

அதற்குப் பிறகு மதில் வழியாகப் பேச்சு நின்றது. அடுத்த இரண்டு அக்டோபரும் நாங்கள் அதே மாதிரி தாண்டிப் போனோம். அவள் கேட்டுக்கு வரவில்லை.

இந்த ஜூனில் சிறப்பு நீதிமன்றம் அவரை வழக்கிலிருந்து விடுவித்துவிட்டது. வழக்குக்குக் காரணமான கையெழுத்து அவருடையதே இல்லையாம். அவர் அந்த நாற்காலிக்கு வருவதற்கு முன்பே வேறு யாரோ போட்டது. பேப்பரில் எட்டாம் பக்கத்து மூலையில் நாலு வரி வந்தது. டீக்கடை போஸ்டரில் அன்றைக்கு ஒரு நடிகரின் கல்யாணம். எங்கள் பிளாக்கில் பாதிப் பேருக்கு விஷயமே தெரியாது. தெரிந்தவர்களும், "அப்படியா, நல்லது" என்று சொல்லிவிட்டு காய்கறி விலைக்குப் போய்விட்டார்கள்.

ஆகஸ்டோடு அவருக்கு சர்வீஸ் முடிந்தது. குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அக்டோபர் வரும்போது அவர்கள் இருக்க மாட்டார்கள். நான் தாண்டியது தாண்டியதாகவே நின்றுவிடும். வியாழக்கிழமை கோயிலுக்குப் போய் ஃபாதரிடம் சுரூபம் கேட்டேன். "மாதா வர்றதுக்கு மாசம் பாக்கணுமா? எடுத்துட்டுப் போங்கம்மா" என்றார். துண்டால் சுற்றிக் கட்டைப் பையில் வைத்துக்கொண்டு, தெரு தூங்கும் மத்தியானம் இரண்டு மணிக்கு அவள் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

உள்ளே ஒரே அட்டைப்பெட்டி. அவள் பையை எட்டிப் பார்த்தாள். துண்டை விலக்கி மாதாவின் முகத்தைப் பார்த்தாள். கும்பிட்டுவிட்டு மறுபடியும் மூடினாள்.

"பேப்பர்காரன் கைதுன்னு ஊரெல்லாம் தொங்கவிட்டான். கேஸ் இல்லைன்னதும் மூலையில போட்டான்" என்றாள். "நீங்களும் அப்படித்தானக்கா. தாண்டிப் போகும்போது இருபது பேரக் கூட்டிக்கிட்டுப் போனிய. வரும்போது மட்டும் பையில மூடிக்கிட்டு வாறிய."

நான் பையின் காதுகளைச் சேர்த்துப் பிடித்தேன்.

"மாதா வேண்டாம்னு நான் சொல்லலக்கா. மூணு வருசமா காத்துக்கிட்டுதான் இருக்கேன். ஆனா ஊரு பாக்க வரட்டும். சனிக்கிழமை சாயங்காலம் இங்கதான் இருப்போம்."

பையைத் தூக்கிக்கொண்டு திரும்பினேன். அன்றும் மறுநாளும் பதினான்கு வீட்டில் அவள் வீடு போக, என் வீடு போக, பாக்கிப் பன்னிரண்டுக்கும் நடந்தேன். ஒவ்வொரு வீட்டிலும், "கேஸ் தள்ளுபடி ஆயிடுச்சு, அவர் மேல ஒரு தப்பும் இல்லையாம். நான்தான் அன்னிக்குத் தாண்டிப் போனேன். சனிக்கிழமை சாயங்காலம் வாங்க" என்று தடுமாறிக்கொண்டே சொன்னேன். சிலருக்குச் சனிக்கிழமை என்றதும் திடீரென்று சொந்தக்காரர் வீட்டு விசேஷம் முளைத்தது. சனிக்கிழமை ஆறு மணிக்கு என் வீட்டுக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். அவரோடு சேர்த்து ஒன்பது பேர்.

பக்கத்து வீட்டுக்குப் போக இருபது அடி போதும். நான் சுரூபத்தை ஏந்தி, தெருவைச் சுற்றி டீக்கடை வழியாகப் போனேன். டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் கிளாசோடு எழுந்து பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றுதான் போனேன்.

அவள் கேட்டில் யாரும் இல்லை. கோலமும் இல்லை. வராமலே இருந்துவிடுவாளோ? கதவைத் திறந்துகொண்டு முதலில் வந்தவர் அவள் வீட்டுக்காரர். முடி முழுக்க நரைத்திருந்தது. கையில் மெழுகுவர்த்தி, காற்றில் அணையாமல் உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு. பின்னாலேயே அவள், அதே பட்டுச்சேலையில். அவர்களைப் பார்த்ததும் செபம் தானாக அடங்கிப் போயிற்று. நான் சுரூபத்தை நீட்டினேன். அவள் இரண்டு கையாலும் வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள்.

"ஏன்க்கா நிறுத்திட்டிய?" என்றாள். "சத்தமாச் சொல்லுங்க. அன்னைக்குச் சொன்னியல்லா, அதே மாதிரி."

ஆரம்பித்தேன். முதல் வரிதான் என்னால் சொல்ல முடிந்தது. மிச்சத்தை அவள்தான் சொன்னாள்.