அக்கா எடுத்த நெஞ்சளவு

ஆண்பிள்ளைக்கு உடம்பு தானாக வளரும் என்று சொன்னவர்கள் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் இருந்து பார்த்தவர்கள் இல்லை. வாலிப வயதில் நான் துடைப்பக் குச்சிக்குச் சட்டை மாட்டிய மாதிரி இருந்தேன். எழுபதுகளின் நடுவில், போலீசுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுத் மலையடிவாரத்துத் தாப்பா டவுனுக்கு இறங்கிப் போனேன். திடலில் சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். நெஞ்சைச் சுற்றி நாடாவைப் போட்டார்கள், தராசில் ஏற்றினார்கள், இரண்டிலும் குறைவு என்று வரிசையை விட்டு வெளியே போகச் சொன்னார்கள். வயது வரம்பைப் பார்த்தால் எனக்கு அடுத்த வருஷம் ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

வேலை எனக்கு, ஆனால் விடுதலை அக்காவுக்கு என்றுதான் நாங்கள் இருவரும் நினைத்துக்கொண்டிருந்தோம். வீட்டில் வேறு யாரும் இல்லை. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்த பிறகு என்னை வளர்த்தது அக்காதான். கொழுந்துக் கூடையை முதுகில் போட்டுக்கொண்டு விடியற்காலைப் பனியில் மலை ஏறுவாள். ஈரச் சாக்கை இடுப்பில் சுற்றிக்கொண்டு நாள் முழுக்கச் சரிவில் நிற்பாள். வருஷத்தில் பாதி நாள் இருமல். பெண் கேட்டு வந்தவர்களை எல்லாம் "தம்பி மொதல்ல ஆளாவட்டும்" என்று அனுப்பிவிட்டாள். தோட்டத்தில் நான் புல் வெட்டி வாங்கிய சம்பளத்தில் இரண்டு பேர் பிழைக்க முடியாது. அரசாங்கச் சம்பளம் வந்தால் ரிங்லெட் டவுனில் ஓர் அறை எடுத்து அவளை உட்கார வைக்கலாம். எல்லாம் என் நெஞ்செலும்புக்கு மேல் எவ்வளவு சதை வரும் என்பதில் தொங்கிக்கொண்டிருந்தது. இதைவிடக் கேவலமான ஒரு கணக்கை நான் பார்த்ததில்லை.

கியா பார்மிலிருந்து ஈப்போவுக்கு முட்டைக்கோஸ் ஏற்றும் லோரி ஓட்டுகிற நண்பன் ஒருவன் எனக்கு இருந்தான். பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்தவன், அப்போது என்னைவிட ஒல்லி. ஈப்போவில் ஒரு ஜிம்மில் சேர்ந்து ஒரே வருஷத்தில் அவன் கை என் தொடை அளவுக்கு வந்திருந்தது. பிரிஞ்சாங்கில் தமிழ் முஸ்லிம் ஒருவர் நடத்திய மாமாக் கடையில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டே அவன் எனக்கு விவரம் சொன்னான்.

"வாரத்துல மூணு நாளு போதும்லா. நெஞ்சுக்கு, தோளுக்கு, காலுக்குன்னு தனித்தனியா தூக்கணும். லேசாப் போச்சுன்னா பாரத்தக் கொஞ்சம் கூட்டு. தூக்குன மறுநாளு சும்மா கெட. முட்ட, மீனு, பருப்பு தின்னு. தூக்கறப்ப சத வளராதுடா, அப்ப அது கிழியுது. படுத்துக் கெடக்கறப்பதான் வளருது."

கிழிந்த சதை படுத்துக்கிடந்தால் வளரும் என்பது எனக்குக் கதை மாதிரி இருந்தது. மற்றதெல்லாம் நம்பும்படி இருந்தது.

ஒரு தண்ணீர்க் குழாய் கிடைத்தது. இரண்டு பால்மாவு டின்களில் சிமெண்ட்டைக் கரைத்து ஊற்றி, குழாயின் இரு முனைகளையும் அதில் நட்டுக் காயவைத்தேன். ஒரு டின் சற்றுச் சாய்ந்து இறுகிவிட்டது. லயத்துக்குப் பின்னால் விறகு அடுக்கும் கொட்டகைதான் என் ஜிம். பலகையைக் கல்லின்மேல் போட்டுப் படுத்துக்கொண்டு பாரத்தை நெஞ்சுக்கு இறக்கி ஏற்றுவேன். லேசாகத் தோன்றினால் இரு பக்கமும் செங்கல்லைக் கட்டித் தொங்கவிடுவேன். லயத்துப் பெண்கள் தண்ணீருக்குப் போகிற சாக்கில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுச் சிரிப்பார்கள்.

அளவெடுக்கும் வேலையை அக்கா எடுத்துக்கொண்டாள். பழைய கூடைக் கயிறு ஒன்றை என் நெஞ்சைச் சுற்றிப் பிடித்து, முடிகிற இடத்தில் முடிச்சுப் போடுவாள். மாதம் ஒரு முடிச்சு.

"மூச்ச இழுத்துப் புடிடா. மொட்டக் கோழி மாதிரி நிக்கற."

"இழுத்துட்டேன்க்கா."

"இதுதான் இழுத்ததா? நான் இருமுனா இதவிட வெளிய வரும்."

முதல் மாதம் முடிச்சு நகரவே இல்லை. ஆனால் முதலில் தள்ளாடித் தூக்கிய பாரம் அப்போதே கைக்குப் படிந்துவிட்டிருந்தது. சதை வருவதற்கு முன்னாலேயே பலம் வருகிறது, அது எங்கிருந்து வருகிறது என்று எனக்குப் புரியவில்லை. அதற்குப் பிறகுதான் தோள் உருண்டது. மார்பில் நடுவே ஒரு கோடு விழுந்தது. மரவள்ளிக் கிழங்கு தின்று முன்னால் துருத்தியிருந்த வயிறு உள்ளே போனது. எடை மட்டும் அவ்வளவாக ஏறவில்லை. ஒரே சட்டை தோளில் பிடித்தது, வயிற்றில் தொளதொளத்தது. உடம்பு ஒரு பக்கம் கொடுத்து மறுபக்கம் எடுத்துக்கொள்கிறது என்று நண்பன் சொன்னான்.

தினம் ஒரு முட்டை என் தட்டில் விழுந்தது. கருவாட்டில் நடுத்துண்டு எனக்கு, தலையும் வாலும் அவளுக்கு. கேட்டால் "எனக்கு முட்ட நாத்தம் புடிக்காது" என்பாள். முட்டைக்காக ஞாயிற்றுக்கிழமையும் கொழுந்துக்குப் போக ஆரம்பித்தாள். வேண்டாம் என்று நான் சண்டை போட்டேன். வாய் வலித்ததுதான் மிச்சம்.

அக்காவின் கயிற்றில் ஆறேழு முடிச்சு விழுந்திருந்தபோது என் கேடு தொடங்கியது. உர மூட்டை நிறுக்கும் கொக்கித் தராசில் என்னையும் நிறுத்துப் பார்க்கலாம் என்று ஒரு நாள் சாயங்காலம் ஸ்டோருக்குப் போனேன். சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு இரண்டு கையாலும் கொக்கியைப் பிடித்துத் தொங்கினேன். முள்ளைப் பார்க்க எங்களை வேலை வாங்கும் கங்காணி வந்தார். அவர் முள்ளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்துத் தோட்ட மேனேஜர் துரையின் கார் வந்து நின்றது. கங்காணி ஓடிப்போய் அவரிடம் ஏதோ சொல்லி என் பக்கம் கை காட்டினார்.

"ஒனக்கு நாளைலேந்து புல்லு வெட்டு இல்ல. ஒர மூட்டையில பேரு போட்டாச்சு. நல்ல ஒடம்பு, வீணாப் போவுதே" என்றார் கங்காணி. எனக்குப் பெருமையாக இருந்தது. மூட்டை தூக்க ஆள் பிடித்திருக்கிறார்கள் என்று தெரியாமல், இல்லை, தெரிந்தும், மீசையைத் தடவிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

லோரி சாலையில் மூட்டைகளை இறக்கிவிட்டுப் போய்விடும். அங்கிருந்து தேயிலைச் செடிகளுக்கு இடையே சரிவில் ஏறி, மேலே உள்ள மலைவரை வலத் தோளில் சுமக்க வேண்டும். மழை பெய்தால் மண் வழுக்கும், மூட்டை ஊறிக் கனக்கும். அதை முடித்துவிட்டு வந்து சிமெண்ட் பாரத்தைத் தூக்கினேன். முதலில் செங்கல்லைக் கழற்ற வேண்டி வந்தது. பிறகு போன மாதம் விளையாட்டாகத் தூக்கியதே நெஞ்சைவிட்டு எழும்பவில்லை. அந்த மாத முடிச்சு முந்திய முடிச்சுக்குள்ளேயே விழுந்தது. அக்கா கயிற்றை அவிழ்த்து மறுபடி போட்டுப் பார்த்தாள். ஒன்றும் மாறவில்லை.

நண்பன் தலையில் அடித்துக்கொண்டான். "டேய், மூட்டையும் பாரம்தான்டா. ஒடம்புக்கு வித்தியாசம் தெரியாது. நீ பாரத்த நிறுத்து. ராத்திரி தூங்கு. ரெண்டு மாசம் சாப்புட்டுக்கிட்டுச் சும்மா இரு."

இதை அக்காவிடம் வந்து சொன்னேன். எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. கொழுந்து எடை குறைந்தாலும் சரி, முடியாமல் பாதியில் உட்கார்ந்தாலும் சரி, கங்காணி அன்றைக்கு அரைப் பேர்தான் போடுவார். அரை நாள் சம்பளம் என்று அர்த்தம். பிறந்ததிலிருந்து எங்களுக்குத் தெரிந்த ஒரே சட்டம் அதுதான். அக்கா அடுப்பை ஊதிக்கொண்டே சொன்னாள்:

"ஒக்காந்துட்டா கங்காணி அரப் பேருதான் போடுவாரு. ஒடம்பு மட்டும் முழுப் பேரு போட்டுருமாக்கும்? லோரிக்காரன் பேச்சு. கொறையுதுன்னா கூடத் தூக்கணும்டா."

எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. அவள் சொன்னதால் இல்லை, நானே அப்படித்தான் நினைத்திருந்தேன். சும்மா கிடந்தால் வளரும் ஒரு பொருள் உலகத்தில் இருக்கும் என்று எங்கள் ஆட்கள் யாராலும் நம்ப முடியாது. வாரத்தில் மூன்று நாளாக இருந்ததை ஆறு நாளாக்கினேன். ஞாயிற்றுக்கிழமை செங்கல்லைக் கூட்டினேன். அக்கா கருவாட்டுத் தலையையும் என் தட்டுக்குத் தள்ளினாள். உடம்பு கரைந்துகொண்டே போயிற்று. வலத் தோளுக்குள் ஏதோ கிழிந்து, கையைத் தலைக்கு மேல் தூக்கும்போதெல்லாம் சுருக்கென்றது. வலி வந்தால் வளர்கிறது என்று சந்தோஷப்பட்டேன். முட்டாள்தனத்துக்கும் ஓர் எல்லை வேண்டாமா?

அடுத்த வருஷம் அதே திடல். அக்கா அன்று வேலைக்குப் போகாமல் பஸ் நிறுத்தம்வரை வந்து, என் நெற்றியில் திருநீறு பூசிவிட்டாள். நாடாவைப் பிடித்த மலாய்க்கார அதிகாரி நல்ல மனிதர்தான். இரண்டு முறை அளந்தார். கம்பியில் தொங்கி உடம்பை மேலே இழுக்கச் சொன்னார். தோள் மறுத்துவிட்டது. பாதியில் தொங்கிக்கொண்டிருந்தேன். "குருஸ்லா, அடிக்," என்றார், மெலிந்திருக்கிறாயே தம்பி என்று. அதையும் அன்பாகத்தான் சொன்னார். அவர் திட்டியிருந்தால் கோபப்படவாவது செய்திருப்பேன்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா கயிற்றை எடுத்துவந்து என் நெஞ்சைச் சுற்றிப் போட்டாள். முடிச்சுப் போடாமலே கயிற்றைச் சுருட்டினாள்.

"அவன் நாடா இழுத்து இழுத்து நீண்டு போயிருக்கும்டா" என்றாள். பிறகு சோறு போட்டாள். தட்டில் முட்டை இருந்தது. நான் அதைத் தொடாமல் எழுந்தேன். அவளும் தொடவில்லை. காலையில் அதை எறும்பு மொய்த்திருந்தது.

அதன் பிறகு சொல்வதற்கு அதிகம் இல்லை. வயது வரம்பு தாண்டியது. சிமெண்ட் பாரத்தை யாரோ துணி காயவைக்கும் கொடிக்குக் கம்பமாக நிறுத்தக் கேட்டு வாங்கிப் போனார்கள். நான் மூட்டையிலேயே இருந்தேன். உடம்பு மெல்ல மூட்டைக்குப் பழகி, மூட்டை கேட்ட வடிவத்துக்கு வந்தது. வலத் தோள் தடித்தது, கழுத்து ஒரு பக்கம் சாய்ந்தது, காலில் கல் மாதிரிச் சதை. துரைக்கு வேண்டிய உடம்பு அதுதான்.

அக்கா ஞாயிற்றுக்கிழமை போவதை நிறுத்தவில்லை. முட்டைக்காகத் தொடங்கியது, பழகிவிட்டது என்றாள். கொழுந்துக் கூடை அதே அளவு, அவள்தான் அதற்குக் கீழே சிறுத்துக்கொண்டே போனாள். ரவிக்கையைப் பிடித்துத் தைத்தாள். வளையல் முழங்கைவரை ஏறியது. நண்பன் எனக்குச் சொன்னது ஓர் ஆண்பிள்ளையின் தோளுக்கு மட்டும் உள்ள சட்டம் என்று நான் நினைத்திருந்தேன். வேலை கிழித்த சதையை ஆற விடாத உடம்பு தன்னையே தின்னும் என்பது என் எதிரில் உட்கார்ந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. எனக்கு அது உறைக்கவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு மத்தியானம், கீழ்ப் பள்ளத்தில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவள் செடிமேல் சரிந்துவிட்டாள் என்று ஆள் வந்து கூப்பிட்டார்கள். போட்டது போட்டபடி ஓடினேன். கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்ததும், "கூடைய யாராச்சும் எட போட்டாங்களா பாருடா, அரப் பேரு போட்ருவான்" என்றாள். அதுதான் என்னிடம் அவள் பேசிய கடைசிப் பேச்சு. தாப்பா ஆஸ்பத்திரியில் ரத்தமே இல்லை என்றார்கள், நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது என்றார்கள். அந்த வாரத்திலேயே போய்விட்டாள்.

அவள் சரிந்த அன்று பள்ளத்திலிருந்து சாலைவரை அவளைக் கையில் ஏந்திக்கொண்டு ஏறினேன். அந்தச் சரிவில் மூட்டைக்காரர்களே இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்குவார்கள். நான் எங்கும் நிற்கவில்லை. பின்னால் வந்த பெண்களில் ஒருத்தி, "தம்பிக்கு ஒடம்பப் பாரேன், இரும்பு" என்றாள். நியாயப்படி எனக்கு மூச்சு வாங்கியிருக்க வேண்டும். கை கடுத்திருக்க வேண்டும். முடியாமல் வழியில் இறக்கி வைத்து, யாரையாவது காலைப் பிடிக்கக் கூப்பிட்டிருக்க வேண்டும். ஒரு முழு மனுஷியைத் தூக்குகிற சிரமம் எனக்கு இருந்திருக்க வேண்டும்.