நாலடிக் குட்டையும் ஒரு வெள்ளாடும்

எங்கள் தொழிலில் எதையும் முதலில் கண்ணால் படிக்க வேண்டும், அப்புறம் காலால் நடந்து படிக்க வேண்டும்.

சமூகத் தணிக்கை என்று பேர். நூறு நாள் வேலையில் ஊராட்சி செய்ததாகப் பதிவேட்டில் இருப்பதை நேரில் போய்ப் பார்த்து, நாடா பிடித்து அளந்து, கிராம சபையில் ஊரார் முன்னால் உரக்க வாசிக்க வேண்டும். அளந்துவிடலாம். வாசிக்கத்தான் நெஞ்சு வேண்டும். கொடுத்த மனுவுக்குப் பதில் வருமா என்று ஆபீஸ் வாசலில் கால் கடுக்க நின்றிருக்கிறீர்களா? அப்படியானால் நீங்களும் நம்ம கட்சிதான், கேளுங்கள்.

மினிபஸ்

எனக்கு ஒரு கோளாறு உண்டு. படித்ததெல்லாம் கண்ணுக்குள் வந்து நின்றுவிடும். கோவில்பட்டியில் பஸ் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து பதிவேட்டு நகலைப் பிரித்தால் போதும். வெளியே ஆடிக் காற்றில் கரிசல் வெடித்துக் கிடக்கும். என் மடியில் மட்டும் குளம் தளும்பும், சாலையோரம் வேம்பு நிழல் விழும், அந்த நிழலில் நானே நடந்துகொண்டிருப்பேன். எங்கேயோ குயில்கூடக் கூவும்.

நாடாவின் மறுமுனையைப் பிடிக்கும் ஜெயசீலி விலாவில் ஒரு இடி இடிப்பாள். "எக்கா, எந்திரி. ஒன் கனவு டெப்போ வரைக்கும் போவுது, நமக்கு இங்கனதான் ஸ்டாப்பு!"

வேலிக்குள் நிழல்

புதூர்ப் பக்கம் ஒரு ஊர். பேர் வேண்டாம். இறங்கியதும் ஊராட்சி செயலர் எதிரே வந்தார். கெட்ட மனுஷன் இல்லை. வெயிலுக்குக் குடைகூடக் கொடுத்தார். சாலையோரம் வேப்பங்கன்று நட்டதாகப் பதிவேடு சொன்னது. போய்ப் பார்த்தால் வட்ட வட்டமாக முள்வேலி, ஒவ்வொன்றும் பார்த்துப் பார்த்துக் கட்டியது. உள்ளே எட்டிப் பார்த்தேன். வெறும் மண். பஸ்ஸில் நான் நடந்து வந்த நிழல் எங்கே போச்சு என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

செயலர் கொஞ்சமும் அசரவில்லை. "வேலி பூரா ரெடியா இருக்குல்லா மேடம், கன்னு ஒண்ணுதான் பாக்கி."

ஒரு முழம்

அடுத்தது ஊருக்குக் கிழக்கே உள்ள குட்டை. நாலடி ஆழப்படுத்தியதாகப் பதிவு. போகும் வழியில் மாடத்தியக்கா தன் வெள்ளாடுகளோடு கூடவே வந்தாள். மழை பெய்தால் குட்டை நிறையும், ஆனால் மாசியிலேயே வற்றிவிடும். அப்புறம் வெயிலில் பக்கத்து ஊர்க் கண்மாய்க்கு ஓட்டிக்கொண்டு போக வேண்டும். போன கோடையில் சினையாடு ஒன்று பாதி வழியில் படுத்தது, எழுந்திருக்கவே இல்லை. அதைச் சொல்லும்போது அவள் குரல் உடைந்தது.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "இன்னும் ஒரு முழம் ஆழம் இருந்தா தண்ணி பங்குனி தாண்டிரும் தாயி. எனக்கு அம்புட்டுதான் வேணும்."

வெள்ளாட்டின் தணிக்கை

குட்டை வெட்டும்போது நடுவில் ஒரு மண்திட்டைத் தொடாமல் விட்டுவைப்பார்கள். பழைய தரை அதன் தலைமட்டம். சுற்றிலும் எவ்வளவு வெட்டினோம் என்பதற்கு அதுதான் சாட்சி. அடியிலிருந்து உச்சிவரை ஜெயசீலி நாடாவை நிறுத்தினாள். நாலடி, ஒரு விரற்கடை பிசகவில்லை! எனக்கு உடனே குட்டை நிரம்பிவிட்டது. கரையில் மாடத்தியக்காவின் ஆடுகள் வரிசையாகக் குனிந்து குடிப்பதும், தண்ணீர் வட்டம் வட்டமாக விரிவதும் தெரிந்தன. அந்த மயக்கத்திலேயே பேனாவைத் திறந்துவிட்டேன்.

அப்போதுதான் கொம்பு வளைந்த ஒரு வெள்ளாடு ஒரே தாவில் திட்டின் மேல் ஏறியது. ஏறிய வேகத்தில் மேல்பாதி பொலபொலவென்று சரிந்தது. மிச்சத்தின் தலையில் காய்ந்த கோரைப்புல், வேரோடு, அழகாகப் படிந்திருந்தது. அதுதான் பழைய தரை. வெட்டியது இரண்டடி. மீதி இரண்டடிக்கு, பள்ளத்தை இறக்காமல் சாட்சியை ஏற்றிவிட்டார்கள். அட பாவிகளா, மண் சுமந்த நேரத்துக்கு மண்ணை வெட்டியே இருக்கலாமே!

செயலர் ஆட்டைப் பார்த்துத்தான் கத்தினார். "ஏய், யாரு ஆடு இது? அரசாங்க வேலை மேல ஏறுது!"

கலர் குடித்த மத்தியானம்

மறுநாள் கிராம சபை. அளந்த அன்று மத்தியானமே செயலர் கலர் சோடா வாங்கிக் கொடுத்தார். குடித்தேன், தாகம். அவரும் பாவம்தான். மேலே இருந்து முடி முடி என்று விரட்டுகிறார்கள், மழைக்குள் முடிந்ததாகக் காட்ட வேண்டும். எனக்கும் பயம் இல்லாமல் இல்லை. அந்த ஊரில் திரும்பவும் கால்வைக்க வேண்டாமா? குட்டையில் வேலைபார்த்த பெண்கள் வேறு, "இதைச் சொல்லி வேலையை நிப்பாட்டிராதீய" என்று கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

செயலர் தணிந்த குரலில் கேட்டார். "நீங்க ரெண்டுன்னு வாசிச்சா மட்டும் நாளைக்கே தண்ணி வந்துருமா மேடம்?"

வாசித்த நாள்

ஊர் மடத்தில் சபை கூடியது. காகிதத்தைப் பார்த்தால் நாலு என்ற எழுத்து மேல் தண்ணீர் ஓடுகிறது. நிமிர்ந்தால் எதிரே, வெயிலில் கருத்த மாடத்தியக்கா முகம். வாசித்தேன். "பதிவு நாலடி. கண்டது இரண்டடி." தலைமை தாங்கிய அதிகாரி, திட்டு சரிந்ததை நேரில் பார்த்த சாட்சி உண்டா என்றார். முந்தினநாள் கையைப் பிடித்த பெண்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். "மண்ணை மேல போடச் சொன்னாவ, போட்டோம்." மீதி இரண்டடியும் ஐப்பசிக்குள் வெட்ட வேண்டும் என்று தீர்மானம் எழுதினார்கள். சொல்லிவைத்த மாதிரி அதே பெண்களுக்கு வேலையும் கிடைத்தது.

மாடத்தியக்கா மட்டும் கடைசிவரை உட்காரவில்லை. "சாட்சி வெளிய கட்டிக் கிடக்கு சார், உள்ள கூட்டியாரட்டா?"

சித்திரை

சித்திரையில் வேறு ஊருக்குப் போகிற வழியில், தணிக்கை ஒன்றும் இல்லாமலே இறங்கிவிட்டோம். இந்தத் தடவை கண்ணை இரண்டு முறை கசக்கிப் பார்த்தேன். குட்டையில் தண்ணீர் கிடந்தது. முழங்கால் அளவு இருக்கலாம், கலங்கல்தான், ஆனால் தண்ணீர். நடுவில் சாட்சித் திட்டின் மேல் ஒரு கொக்கு நின்றது. ஆடுகள் வரிசையாகக் குனிந்திருந்தன, தண்ணீர் வட்டம் வட்டமாக விரிந்தது. அன்றைக்கு மயக்கத்தில் நான் பார்த்த அதே குட்டை! ஜெயசீலியை ஒரு இடி இடித்தேன், நிஜமா என்று. கண் நிறைந்தது.

பழக்கதோஷத்தில் ஜெயசீலி பையிலிருந்து நாடாவை உருவினாள். மாடத்தியக்கா அவள் கையைத் தட்டிவிட்டாள். "உள்ள வையிட்டி. வாய் வச்சுக் குடிக்கையில யாராவது அளப்பாவளா?"

இத்தனை வருஷத்தில் அளக்காமலே சரி என்று நான் ஒத்துக்கொண்ட அரசாங்க வேலை அது ஒன்றுதான், மேலே யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.