பவித்ரா வாபஸ் வாங்கிய புகார்

முழங்கால் வலிக்காக அஸ்தம்பட்டியில் ஒரு பிசியோதெரபி கிளினிக்குக்குப் போய்வருகிறேன். காலில் சூட்டு ஒத்தடம் கட்டி, அசையக் கூடாது என்று உட்காரவைத்துவிடுவார்கள். எதிரே டிவி. நேற்று மத்தியானம் அதில் பவித்ரா வந்தாள். ஒரு சீரியலின் கதாநாயகி. நான் சீரியலே பார்ப்பதில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு, சமையலறை வாசலில் நின்றபடி ஒரு கண்ணால் பார்க்கிற ஜாதி. நின்றுகொண்டு பார்த்தால் பார்த்த கணக்கில் வராது. முழங்கால் போனதற்கு அதுதான் காரணமோ என்னவோ.

பவித்ரா ஆரம்பத்தில் எப்படி இருந்தாள் தெரியுமா? லாரி மெக்கானிக்கின் மகள், வக்கீலுக்குப் படிக்கிறவள். பஸ்ஸில் இடித்தவனைச் சட்டையைப் பிடித்துக் கீழே இறக்கினாள். பிறகு ஒரு பணக்காரத் தடியன் கோயிலில் வைத்து அவள் கழுத்தில் பலவந்தமாகத் தாலி கட்டினான். நேராக ஸ்டேஷனுக்குப் போய்ப் புகார் கொடுத்தாள். அன்றைக்குக் கையிலிருந்த கரண்டியைத் தூக்கி ஆட்டினேன். அப்புறம்தான் அவளுக்கு என்னவோ ஆகிவிட்டது. அவனுக்குக் காய்ச்சல் என்று கஞ்சி வைத்தாள். அவன் அம்மா கொடுமைக்காரி என்று தெரிந்ததும் அவன்மேல் இரக்கம் வந்தது. அவளுடைய சட்டப் புத்தகங்கள் எங்கே போயின என்று கதை எழுதுகிறவர்களுக்கே நினைவில்லை. நேற்று அதே ஸ்டேஷனில், மஞ்சள் கயிற்றைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, புகாரை வாபஸ் வாங்கினாள். இன்ஸ்பெக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பின்னணியில் நாதஸ்வரம்.

"த்தூ" என்றேன், கொஞ்சம் சத்தமாகவே.

ரிசப்ஷனில் இருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். "அவன் திருந்திட்டானுங்க ஆன்ட்டி. நீங்க நடுவுல பாக்கலையாட்ட இருக்குது."

திருந்திவிட்டானாம். திரை முழுக்க அந்த மஞ்சள் கயிற்றைக் காட்டினார்கள். எனக்கு ஈர மஞ்சளும் டீசலும் கலந்த வாசனை வந்தது. அது கிளினிக்கில் இல்லை. திருச்செங்கோட்டில், எத்தனையோ வருஷங்களுக்கு முன்னால், ஒரு போர்வெல் ரிக் ஆபீசில் இருந்தது.

படிப்பு முடிந்ததும் எனக்குக் கிடைத்த முதல் வேலை அது. வெளிமாநிலங்களில் கிணறு போடும் வண்டிகளிலிருந்து போன் வரும். எத்தனை அடி ஆழம் துளை ஓட்டினார்கள், எந்தப் பாகம் உடைந்தது என்று எழுதிக்கொள்ள வேண்டும். மெஷின் சத்தத்துக்கு நடுவே அவர்கள் கத்துவார்கள், நாங்களும் பதிலுக்குக் கத்துவோம். இன்றைக்கும் நான் போனில் பேசினால் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு என் குடும்ப விஷயம் முழுக்கத் தெரிந்துவிடும். பக்கத்து மேஜை சுமதிக்கு. ஒல்லியான பெண், ஆனால் ஆபீசிலேயே பெரிய குரல். வேலைக்குப் போகும் பெண்களுக்கு வாடகைக்கு விட்டிருந்த ஒரு வீட்டு மாடியில் நாங்கள் இருவரும் ஒரே அறையில் இருந்தோம்.

சுமதியின் மாமன் மகன் அவளைக் கட்டிக்கொள்ள வேண்டுமென்று ஒற்றைக்காலில் நின்றான். அவள் முடியாது என்று சொல்லியாகிவிட்டது. ஒரு காலையில் ஆபீசுக்குப் போகும்போது, பிள்ளையார் கோயில் முன்னால் கூட்டாளிகளோடு வந்து, பின்னாலிருந்து அவள் கழுத்தில் கயிற்றைப் போட்டு முடிச்சுப் போட்டுவிட்டான். நான் பூ வாங்கக் கொஞ்சம் பின்தங்கியிருந்தேன். ஓடிப்போய்ப் பார்க்கும்போது சுமதி முடிச்சைத் தேடிக்கொண்டிருந்தாள். முடிச்சு இறுகியிருந்ததில் அவிழ்க்க வரவில்லை. தலை வழியாக இழுத்தாள். கயிறு தோட்டில் மாட்டிக் காது கிழிந்து ரத்தம் வந்தது. இழுத்தேவிட்டாள். அவன் பைக்கின் ஹேண்டில்பாரில் அதை மாட்டினாள்.

"பூட்டப் போட்டுட்டா வண்டி உன்னுதாயிருமாடா?"

சொன்னது அவ்வளவுதான். அந்தப் பெரிய குரலில் அல்ல, எனக்கே சரியாகக் கேட்காத குரலில். பிறகு விடுவிடுவென்று ஆபீசுக்கு நடந்தாள். கழுத்தெல்லாம் மஞ்சள் அப்பியிருந்தது. துடைக்க வேறு துணி அகப்படாமல் ஷெட்டில் கிடந்த டீசல் துணியைத்தான் எடுத்துவந்தேன். துடைக்கத் துடைக்க அவள் தோள் குலுங்கியது.

மத்தியானத்துக்குள் சேதி ஊருக்குப் போய், அவள் அம்மா வந்துவிட்டார். திட்டவில்லை. அழுதார். "ஊரே பாத்துப்போட்டுது சாமி. கழுத்துல ஏறுன கயிறு ஏறுனதுதான். அவனும் நம்ம பையந்தான? போகப் போகத் திருந்திக்குவான்."

"நாங் கழட்டுனதையுந்தான் ஊரு பாத்துது. அவன் திருந்தறதுக்கு என்ற கழுத்துதான் கெடச்சுதாம்மா?" என்றாள் சுமதி.

ஸ்டேஷனில் புகார் கொடுத்தாள். சமாதானம் பேச யார் யாரோ வந்தார்கள். அவள் வாபஸ் வாங்கவில்லை. அதற்காக அவளை வீராங்கனை என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். பல மாதங்கள் துப்பட்டாவைக் கழுத்தோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் நடந்தாள். பின்னால் செருப்புச் சத்தம் கேட்டால் நின்றுவிடுவாள். அவள் அப்பா அவளோடு பேசவே வருஷங்கள் ஆயின. பிற்பாடு அயோத்தியாப்பட்டணத்தில் தனக்குப் பிடித்த ஒருவரைக் கட்டிக்கொண்டாள். முதல் சந்திப்பிலேயே எல்லாவற்றையும் அவளே அவரிடம் சொல்லியிருந்தாள். மாமன் மகன் திருந்தினானா என்று எனக்குத் தெரியாது. அதைப் பார்த்துக்கொண்டிருப்பது அவள் வேலை இல்லை. இவ்வளவையும் ஒரு பெண் நிஜமாகவே செய்து முடித்த பிறகு, எவனோ ஏசி அறையில் உட்கார்ந்து கதை எழுதி, பவித்ராவைக் கஞ்சி வைக்க அனுப்புகிறான். அருவருப்பாக இருக்கிறது.

காது கிழிந்த அன்று சாயங்காலம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்கார அம்மாவின் ஹாலில்தான் ஒரே டிவி. மாடிப் பெண்களெல்லாம் கீழே வந்து தரையில் உட்கார்ந்து பார்ப்போம். அன்றைக்கு சுமதி சுவரோரம் சாய்ந்து, காதில் பஞ்சோடு உட்கார்ந்திருந்தாள். சீரியலில் ஒருத்தி அடித்த புருஷனின் காலைப் பிடித்து அழ ஆரம்பித்தாள். மில்லுக்குப் போகிற ஒரு அக்கா, "எந்திரிடி!" என்றார். இன்னொருத்தி, "ஏனுங்க, அவளுக்குக் காது கேக்காதாட்ட இருக்குது, இன்னும் சத்தமாச் சொல்லுங்க" என்றாள். அவ்வளவுதான், ஹாலே கத்த ஆரம்பித்துவிட்டது. வீட்டுக்கார அம்மா, "அட கெரகம் புடிச்சவளே, அந்தக் காலைப் புடிச்சு வாரியுட்டுப் போட்டு வாடி இங்க, நான் ரூம் தாரேன்" என்றார். சுமதி சிரித்துவிட்டாள். காது வலித்திருக்கும், கையால் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

போன வருஷம் திருச்செங்கோட்டுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனபோது அந்த வீட்டைப் பார்க்கப் போனேன். வீட்டுக்கார அம்மா இறந்துவிட்டார். ஹாலை நடுவே தடுத்து அறைகளாக்கியிருக்கிறார்கள். இன்னமும் வேலைக்குப் போகும் பெண்கள்தான் இருக்கிறார்கள். வேலை முடிந்து திரும்பியிருந்த நேரம். திறந்திருந்த கதவுகள் வழியே பார்த்தேன். அறைக்கு ஒருத்தி, காதில் வயரோடு, ஆளுக்கொரு போனில் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருத்தி மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் யாருக்காக அழுதாள் என்று பக்கத்து அறைக்குத் தெரிய வழியில்லை. வீடு முழுக்க ஒரு சத்தமும் இல்லை.