ஒரு தடவைதான் கேட்டான்

பிஜித் தீவுக்குப் போய்வந்தேன் என்று சொன்னால் எங்கள் திருநகரில் எல்லாரும் முதலில் கேட்பது, "கடல் அப்படியே நீலமா இருக்குமாமே டீச்சர்?" என்பதுதான். நான் போன மாதத்தில் அது காப்பி நிறத்தில் இருந்தது. அங்கே அது மழைக்காலம். ஆற்று வண்டலெல்லாம் கடலில் வந்து விழுந்து, கரையோரம் ஒரே கலங்கல். சுற்றுலாக்காரர்கள் எட்டிப் பார்க்காத மாதமாகப் பார்த்துத்தான் என் மகன் என்னை வரச் சொல்லியிருந்தான். அவன் அங்கே கடற்கரை ஹோட்டல் ஒன்றில் ஏசி, ஜெனரேட்டர், தண்ணீர் பம்பு எல்லாவற்றையும் கட்டி மேய்க்கிற இன்ஜினியர். சீசன் நேரத்தில் அவனுக்குச் சாப்பிடக்கூடப் பொழுது இருக்காது. "கூட்டம் இல்லாதப்ப வாம்மா. டிக்கெட்டும் சல்லிசு, நானும் வீட்ல இருப்பேன்" என்றான்.

நான் ஊர் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவன் அப்பா போன பிறகு திருநகர் வீட்டில் நான் ஒற்றை ஆள். சமயநல்லூர்ப் பக்கம் ஒரு மிஷன் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். ஒரு காலத்தில் நாள் முழுக்கத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தேன். இப்போது காலையில் ஜெபம், பால்காரரோடு இரண்டு வார்த்தை, முடிந்தது பேச்சு. அவனோ கல்யாணமே வேண்டாம் என்று சொல்லிவிட்டு அங்கே ஒற்றை ஆள். இதைத் தீர்க்கக் கணக்கு டீச்சர் வேண்டுமா என்ன? அவனோடேயே இருந்துவிட வேண்டும் என்றுதான் போனேன். ஆனால் நானாகச் சொல்ல மாட்டேன். அவன் வாயால் கேட்க வேண்டும்.

நாந்தி விமான நிலையத்தில் என் பெட்டியைத் தூக்கியவன், "என்னம்மா, வீட்டையே பேத்துக் கொண்டாந்துட்டியா?" என்று சிரித்தான். இட்லித் தட்டு, குக்கருக்கு மாற்று கேஸ்கட், அவன் அப்பா படம், ஒரு வருஷத்துக்குக் காணும் பிரஷர் மாத்திரை எல்லாம் உள்ளே இருந்தன. "சும்மா இருக்கட்டும்னு எடுத்துட்டு வந்தேன்" என்றேன்.

மழையென்றால் மழை, அப்படி ஒரு மழை. வைகையில் முழங்கால் தண்ணி வந்தாலே வேலையைப் போட்டுவிட்டுப் பாலத்துக்கு ஓடுகிற ஊர்க்காரி நான். முதல் இரண்டு நாள் ஜன்னலை விட்டு நகரவில்லை. மூன்றாம் நாள் போதுமடா சாமி என்றாகிவிட்டது. துவைத்தது காயாது. உப்புப் பாட்டிலில் உப்பு விழாது. வீட்டில் இருப்பேன் என்று சொன்ன பிள்ளையை, ஜெனரேட்டரில் தண்ணீர் புகுந்துவிட்டது என்று தினமும் கூப்பிட்டுக்கொண்டார்கள். நான் கொட்டுக் கொட்டென்று உட்கார்ந்திருந்தேன். திருநகரில் இருந்தால் குழாய்க்காரனையாவது கூப்பிட்டுச் சண்டை போட்டிருப்பேன்.

ஒருநாள் ஹோட்டலைக் காட்டக் கூட்டிப்போனான். நீச்சல் குளத்தில் வாதாம் இலைகள் மிதந்தன. நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றித் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். பெரிய சாப்பாட்டுக் கூடத்தில் ஒரே ஒரு வெள்ளைக்காரக் கிழவர், மழையைப் பார்த்துக்கொண்டு ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் உள்ளே நுழைந்ததும் பணியாளர்கள் எல்லாரும் "புலா!" என்று கத்தி வணக்கம் சொன்னார்கள். ஆள் பார்த்து எத்தனை நாளாயிற்றோ, பாவம். அந்தக் கிழவர்கூட என்னைப் பார்த்துக் கையசைத்தார். நானும் அசைத்தேன்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் கரண்ட் போய்விட்டது. ரசம் சோறும் கருவாடும் சாப்பிட்டோம். அவன் தட்டை வழித்துக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டான்.

"பேசாம இங்கயே இருந்துறியாம்மா?"

இதைக் கேட்கத்தான் அத்தனை கடல் தாண்டி வந்திருந்தேன். ஆனால் வாய் இருக்கிறதே, அது பாட்டுக்குச் சொன்னது: "அதெல்லாம் எதுக்குப்பா? உனக்கு எதுக்குச் சிரமம்? நான் அங்கயே இருந்துக்கிருவேன்."

"சரிம்மா" என்று எழுந்து கை கழுவப் போனான்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் வீட்டுக்கு வந்து, நாம் சாப்பிடச் சொன்னால், "இப்பத்தான் சாப்பிட்டு வாரேன்" என்பார். குடலே கூப்பாடு போட்டாலும் அப்படித்தான் சொல்வார். அதை யாரும் பதிலாகவே எடுத்துக்கொள்வதில்லை. "அட சும்மா உக்காருங்க, ரெண்டே ரெண்டு இட்லி" என்று கையைப் பிடித்து இழுக்க வேண்டும். அதற்கும் அவர் நெளிய வேண்டும். பிறகு ஆறு இட்லி இறங்கும். கேட்ட உடனே சரி என்று உட்காருகிறவரைக் காலத்துக்கும், சோத்துக்கு அலைஞ்சான் என்று சொல்லிக் காட்டுவார்கள். நானும் அந்த முறைப்படிதான் வேண்டாம் என்றேன். மறுபடி கேட்பான் என்று நினைத்தேன்.

மறுநாள் கேட்கவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. நான் சாடைமாடையாகப் பேசிப் பார்த்தேன். "இந்த ஊர்ல மரவள்ளிக்கிழங்கு என்ன மாவா இருக்கு! நம்ம ஊர்ல எங்க கிடைக்குது?" என்றேன். "ஆமாம்மா" என்றான். "திருநகர் வீட்ட மேல்மாடியோட வாடகைக்குக் கேட்டு ஆள் வந்தாங்க" என்றேன். "பாத்து விடும்மா, நல்ல ஆளாப் பாத்து" என்றான். எனக்கு வந்த எரிச்சலுக்கு, கையில் இருந்த கரண்டியாலேயே ஒன்று போட்டிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை தனியாகவே பக்கத்துத் தெருச் சபைக்குப் போனேன். பாஷை ஒரு எழுத்துப் புரியவில்லை. ஆனால் பாட்டின் ராகம் எங்கள் சபையில் பாடுகிற ராகமேதான். அவர்கள் அவர்கள் பாஷையில் பாட, நான் தமிழில் பாடினேன். பக்கத்தில் இருந்த பெரிய உருவமுள்ள பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஊருக்கு வந்ததிலிருந்து என்னை ஒரு ஆள் தொட்டது அன்றைக்குத்தான். கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. கர்த்தாவே, அவன் இன்னொரு தடவை கேட்கட்டும் என்று அங்கேயே ஜெபம் பண்ணினேன்.

திரும்பும் வழியில் வீட்டுக்கு வீடு வாசலில் உட்கார்ந்திருந்தவர்கள் "மை கானா" என்று கூப்பிட்டார்கள். வந்து சாப்பிடு என்று அர்த்தமாம். யார் தெருவில் போனாலும் அப்படிக் கூப்பிடுவது அவர்கள் வழக்கம். நான் சிரித்துத் தலையாட்டினேன். அவர்களும் சிரித்துவிட்டுத் தங்கள் தட்டைப் பார்த்துக்கொண்டார்கள். யாரும் இரண்டாவது தடவை கூப்பிடவில்லை. எனக்குப் பெரிய ஆறுதலாகிவிட்டது. அதுதானா விஷயம்! பிள்ளை இத்தனை வருஷம் இவர்களோடு புழங்கி, நம் ஊர் முறையை மறந்துவிட்டான். ஒரு தடவை கேட்டு, வேண்டாம் என்றால் வேண்டாம்தான் இங்கே. பாவம், அவனுக்கு என்ன தெரியும்? சரி, மானத்தைப் பார்க்காமல் நாமே சொல்லிவிடலாம் என்று முடிவு பண்ணினேன். அன்று சாயங்காலமே சொல்வதாக இருந்தேன்.

அன்று சாயங்காலம் அடுத்த வீட்டுப் பெரியவர் குடையைப் பிடித்துக்கொண்டு வந்தார். அவர் முன்னோர்கள் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலில் வந்த தமிழர்கள். அவருக்குத் தமிழில் "அம்மா", "சோறு", "வாங்க" மட்டும்தான் மிச்சம். மற்றதெல்லாம் அந்த ஊர் இந்தி. தோட்டத்துக் கத்தரிக்காய் கொஞ்சம் கொடுத்துவிட்டுத் திரும்பினார். அடுப்பில் மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. மகன் சாப்பிடக் கூப்பிட்டான். அவர் வயிற்றைத் தட்டிக் காட்டி, வேண்டாம் என்றார். மகன் வாசலை மறித்து நின்றுகொண்டான். மறுபடி கூப்பிட்டான். அவர் கும்பிட்டார். அவர் கையிலிருந்த குடையைப் பிடுங்கி மூலையில் வைத்து, தோளைப் பிடித்து நாற்காலியில் அழுத்தி உட்காரவைத்து, "அம்மா, தட்டு போடும்மா. வேணாம்னுதான் சொல்வாரு, விட்றாத" என்றான் தமிழில்.

நான் தட்டு போட்டேன்.

அவன் எதையும் மறக்கவில்லை. முதல் மறுப்பு எப்படி ஒப்புக்கோ, அப்படியே முதல் அழைப்பும் ஒப்புக்குத்தான். எதிரே நிற்பவரைக் கேட்காமல் இருக்க முடியாதே என்று கேட்பது. எத்தனை பேரை நானே அப்படிக் கேட்டிருக்கிறேன்! மனசார வேண்டுமென்றால்தான் இரண்டாவது தடவை. பெரியவர் மீன் குழம்பை ருசித்துச் சாப்பிட்டு என்னைப் பார்த்து "சோறு, அம்மா, சோறு" என்று பாராட்டினார். நான் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டு பரிமாறினேன். அன்றைக்குச் சொல்ல வைத்திருந்ததைச் சொல்லவில்லை.

ஊருக்குப் புறப்பட்ட அன்றும் மழை. காரில் பாதி தூரம் வந்திருப்போம். நான் ஒன்றை மனசில் வைத்துக்கொண்டு மூடிப் படுக்கிற ஜாதி இல்லை. கேட்டேவிட்டேன்.

"ஏன்டா தம்பி, ஒரு தடவதான கேட்ட?"

எதை என்று அவன் கேட்கவில்லை. வண்டியை ஓரமாக நிறுத்தினான்.

"கேக்கணும்னு இருந்துச்சு, கேட்டேன்மா. நீ வேணாம்னதும் அப்பாடான்னு ஆயிருச்சு. அதுக்கப்புறம் கேக்கப் பயமாயிருச்சு. கேட்டா நீ சரின்னுருவ." ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டு சொன்னான். "தனியா இருந்தே பழகிட்டேன்மா. எனக்கு யார் கூடயும் முடியல. கோவமா?"

"கோவமெல்லாம் இல்ல, வண்டிய எடு. நேரமாகுது" என்றேன். உண்மையிலேயே கோபம் வரவில்லை. வந்திருந்தால் தேவலை. சின்ன வயதில் பொய் சொன்னால் அவன் காதைத் திருகித் திருகி உண்மை பேசப் பழக்கியவள் நான்தான். விமான நிலையத்தில் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் விடவில்லை. "மாத்திரைய ஒழுங்காப் போடு" என்றான். "போயிட்டு வாரேன்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

திருநகரில் வெயில் மண்டையைப் பிளந்தது. வீட்டைத் திறந்து பெட்டியை உள்ளே வைக்கவில்லை, எதிர்வீட்டு அம்மா வந்துவிட்டார். எங்கள் சபைக்காரர்.

"என்ன டீச்சர், அதுக்குள்ள வந்துட்டீங்க? மகன் அங்கயே இருக்கச் சொல்லலையாக்கும்?"

"சொல்லாம இருப்பானா? இருந்துறியாம்மான்னு கேட்டான். நான்தான் வேணாம்னுட்டேன்."

"அதான பாத்தேன். பெத்த பிள்ளை கேக்காம விடுவானா? நீங்கதான் பிடிவாதக்காரி" என்று என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். "வாங்க, நம்ம வீட்ல சாப்பிடலாம்."

"இல்லக்கா, பிளைட்லயே சாப்பிட்டேன்" என்றேன்.

"அப்ப சரி, ரெஸ்ட் எடுங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு அவர் தெருவைக் கடந்து போனார். நான் கதவைச் சாத்திவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல், வாய்விட்டு அழுதேன்.