பொட்டு வைத்த ரேம்

டெஸ்க்டாப்புக்கு ரேம் கேட்டால் லேப்டாப் ரேமை அனுப்பிவிட்டார்கள். ரேம் என்பது கம்ப்யூட்டருக்குள் செருகுகிற ஒரு பச்சைப் பட்டை. டெஸ்க்டாப்புக்கு முழு நீளம், லேப்டாப்புக்கு அதில் பாதி. எல்.கே.ஜி. பிள்ளையிடம் இரண்டையும் காட்டி நீளமானதை எடு என்றால் சரியாக எடுத்துவிடும். நான் ஆர்டர் போட்ட வெப்சைட்டில் பார்சல் கட்டியவனுக்கு மட்டும் அது முடியவில்லை. நாசமாய்ப் போக.

2006, இன்ஜினியரிங் கடைசி வருடம். நானும் வாடிப்பட்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிற என் கிளாஸ்மேட்டும் சேர்ந்து ப்ராஜெக்ட் செய்துகொண்டிருந்தோம். கேமரா முன்னால் நின்றால் முகத்தை அடையாளம் கண்டு அட்டெண்டன்ஸ் போடுகிற சாஃப்ட்வேர். முக்கால்வாசி கோடிங் அவனுடையது. பேர் வைத்ததும் சீன் போட்டதும் நான். கேம்பஸ் இன்டர்வியூவில் அவனுக்கு வேலை கிடைத்திருந்தது, எனக்குக் கிடைக்கவில்லை. கம்பெனி கொடுத்த வேலை ஆர்டரில் ஒரு வரி இருந்தது: எல்லாப் பேப்பரும் ப்ராஜெக்ட்டும் அந்த செமஸ்டரிலேயே முடித்திருக்க வேண்டும். அவன் வீட்டில் நாலு தலைமுறையாக விவசாயம். மாதச் சம்பளம் வாங்கப் போகிற முதல் ஆள் இவன். அந்தக் கடிதத்தை அவன் அப்பா லேமினேட் செய்து வைத்திருந்தார்.

சாஃப்ட்வேர் என் வீட்டு சிஸ்டத்தில்தான் இருந்தது. அதில் கிடந்த குட்டி ரேமை வைத்துக்கொண்டு ஒரு முகத்தை அடையாளம் காண ஐந்து நிமிடம் ஆனது. பாதி நேரம் அப்படியே ஹேங் ஆகிவிடும். காலேஜ் லேப் சிஸ்டங்கள் அதைவிட மோசம். சொந்த சிபியுவைத் தூக்கிக்கொண்டு போய்த்தான் டெமோ காட்ட வேண்டும். ஆகவே புது ரேம்.

கே.கே. நகரில் எங்கள் தெருமுனையிலேயே ஒரு அண்ணன் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தார். ஒற்றை ஷட்டர், முப்பது வயது, வாய் மட்டும் ரொம்ப நீளம். டெமோ விஷயத்தையும் என் போர்டு எது என்பதையும் சொல்லி விலை கேட்டேன். சொன்னார். கடையில் நாலைந்து பேர் நிற்க, நெட்டில் இதைவிடக் குறைவாகக் கிடைக்கிறது, நீங்கள் பகல் கொள்ளை அடிக்கிறீர்கள் என்று சத்தமாகச் சொல்லிவிட்டு வந்தேன். கெத்தாக இருந்தது. வெளியே வந்ததும் கூட வந்திருந்த இவன் சொன்னான்: "மாப்ள, அண்ணன்ட்டயே வாங்கிருவோம்டா. பொருத்திக் காட்டித்தான குடுக்குறாரு." உனக்கு நெட்டைப் பற்றி என்ன தெரியும் என்று அவன் வாயை அடைத்தேன். இருவர் கையிலும் இருந்ததைத் திரட்டி, பேங்க்கில் டி.டி. எடுத்து, பிரவுசிங் சென்டரில் ஆர்டர் போட்டு, டி.டி.யைத் தபாலில் அனுப்பினேன். ஊரிலேயே முதல் ஆள் நான்தான் என்கிற நினைப்பு வேறு.

பார்சல் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. நான் காலேஜில் இருந்தேன். எங்கள் வீட்டுக்குள் எந்தப் புதுப் பொருள் வந்தாலும் அம்மா சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, சாமி முன்னால் வைத்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். ஃப்ரிட்ஜுக்குப் பொட்டு, அப்பாவின் ஸ்கூட்டருக்குப் பொட்டு, என் ஹால் டிக்கெட்டுக்குக்கூடப் பொட்டு. சாயங்காலம் வந்து பார்க்கிறேன், டப்பா பிரிந்து கிடக்கிறது. உள்ளே இருந்த வெள்ளிக் கவரைக் கிழித்து, ரேமை வெளியே எடுத்து, நேராக அதன் தங்கப் பற்கள் மேலேயே மூன்று பொட்டு. கம்ப்யூட்டருக்குள் செருகுகிற இடமே அதுதான்.

பொட்டு முதலில் என் கண்ணில் படவில்லை. நீளம்தான் பட்டது. பாதிதான் இருந்தது. பில்லில் டெஸ்க்டாப் என்று கொட்டை எழுத்தில் அடித்திருக்கிறது, உள்ளே லேப்டாப் ரேம். எஸ்.டி.டி. பூத்திலிருந்து கஸ்டமர் கேருக்குப் போன் போட்டேன். கால் மணி நேரம் மியூசிக். பிறகு ஒருவன் மூச்சுக்கு ஒரு சார் போட்டு, திருப்பி அனுப்புங்கள் சார், பரிசோதித்துவிட்டுச் சரியானதை அனுப்புவோம் சார் என்றான். வீட்டுக்கு வந்து ஈரத்துணியால் பொட்டைத் துடைத்தேன். சந்தனம் பற்களுக்கு இடையில் போய் அப்பிக்கொண்டது. ரப்பரால் தேய்த்தேன். சிவப்பு இன்னும் பரவியது. அப்படியே கூரியரில் போட்டேன்.

பத்து நாள் கழித்து, டெமோவுக்கு மூன்று நாள் இருக்கும்போது, அதே டப்பாவில் அதே ரேம் திரும்பி வந்தது. கூடவே ஒரு கடிதம். பொருளின் மேல் ரசாயனக் கறை காணப்படுவதால் அது பயன்படுத்தப்பட்டதாகக் கருதப்படுகிறதாம், மாற்றித் தர இயலாதாம். தங்களின் மேலான ஆதரவுக்கு நன்றியாம். தப்பான சாமானை அனுப்பியதைப் பற்றி அதில் ஒரு எழுத்து இல்லை. நீளம் பாதியாக இருக்கிற ரேமை நான் எந்த டெஸ்க்டாப்பில் போட்டுப் பயன்படுத்தியிருப்பேன் என்று அந்தக் கடிதத்தை அடித்தவன் ஒரு நொடி யோசித்திருந்தால்கூடப் போதும். இன்றைக்கும் நினைத்தால் வயிறு எரிகிறது.

இங்கேயே நிறுத்தினால் இது வெப்சைட்காரனைத் திட்டுகிற கதை. பல வருடம் நான் எல்லோரிடமும் இங்கேதான் நிறுத்தினேன்.

செவ்வாய்க்கிழமை அந்த ரேமை எடுத்துக்கொண்டு தெருமுனை அண்ணன் கடைக்குப் போனேன். இதை வைத்துக்கொண்டு வேறு தருவாரா என்று கேட்கலாம் என்றுதான். அன்றும் கடையில் ஆட்கள்.

"வாங்க சார். நெட்டுல சல்லிசாக் கெடைக்குதுன்னீக, என்ன இந்தப் பக்கம்?" என்றார். ரேமை நீட்டினேன். வாங்கி, திருப்பி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "பொட்டெல்லாம் பலமா இருக்கே. பூ வைக்க மறந்துட்டீகளா?"

கடையே சிரித்தது. எனக்குக் காது சுட்டது. சிரிப்பு அடங்கியதும் அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "டெமோ என்னைக்குடா?"

வியாழக்கிழமை என்றேன்.

"ஏங் கட மெஷின்ல இருக்குறது ஒன் போர்டுக்குச் சேரும். கழட்டித் தாரேன். டெமோவ முடிச்சுட்டுக் கொண்டாந்து குடு."

ஸ்க்ரூ டிரைவரைக்கூடக் கையில் எடுத்துவிட்டார். நான் என்ன செய்திருக்க வேண்டும்? சரிண்ணே என்று வாங்கிக்கொண்டு வந்திருக்க வேண்டும். சிரித்தவர்கள் எல்லோரும் இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ஒண்ணும் வேணாண்ணே, நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, ரேமைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் இவன் கேட்டான், அண்ணன்கிட்ட கேட்டியா என்று. கேட்டேன், ஸ்டாக் இல்லையாம் என்றேன். அவ்வளவு சுலபமாக வந்தது வாயில்.

அன்றைக்கு எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டான். அம்மா தோசையை அவன் தட்டில் போட்டுவிட்டு அங்கேயே நின்றார். "நாந்தேன்ய்யா பொட்ட வச்சுக் கெடுத்துப்புட்டேன். என்னால ஒனக்கு ஒண்ணும் ஆயிரக் கூடாதுய்யா" என்றார். கண் கலங்கியிருந்தது. "அட, நீங்க என்னம்மா பண்ணுவீங்க" என்றான் இவன். நான் சட்னியைத் தொட்டுக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை சிபியுவை மடியில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் அவனியாபுரம் தாண்டிக் காலேஜுக்குப் போனோம். வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் கேமரா முன்னால் உட்கார்ந்தார். மூன்று நிமிடம். ஆறு நிமிடம். ஸ்க்ரீன் நின்றுவிட்டது. ரீஸ்டார்ட் செய்தோம், மறுபடியும் நின்றது. இவன் கோடிங்கை வரிவரியாக விளக்க ஆரம்பித்தான். அவர் கேட்கவே இல்லை. டீயைக் குடித்து முடித்து, ஓடாததற்கு எப்படி மார்க் போடுவது, அடுத்த செமஸ்டர் ஓட வைத்துக் காட்டுங்கள் என்று எழுந்துவிட்டார். கம்பெனிக்கு இவன் நாலு மெயில் போட்டான். ஒரு பதில் வந்தது. வருந்துகிறார்களாம்.

எனக்குப் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை. இழக்க என்னிடம் வேலை ஏது?

ஆறு மாதத்தை வீட்டில் சும்மா கழிக்க அவனால் முடியாது. வேலை கேட்டு நாலு இடம் அலைந்தவன், கடைசியில் அந்த அண்ணன் கடைக்கே சர்வீஸ் வேலை கேட்டுப் போயிருக்கிறான். பேச்சோடு பேச்சாக அவர் செவ்வாய்க்கிழமை கதையைச் சொல்லிவிட்டார். மறைக்க வேண்டிய விஷயம் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

அன்று சாயங்காலம் என் வீட்டு வாசலுக்கு வந்தான். உள்ளே வா என்றேன், வரவில்லை.

"அண்ணன் கழட்டித் தாரேன்னாராடா?"

"ஆமா."

அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை. உள்ளே அம்மா குக்கர் வைத்திருந்த சத்தம் கேட்டது. அவன் அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தான்.

"எம் வேல போனது போகட்டும். ஒங்கம்மா எங்கிட்ட அழுதாங்கல்ல, அப்ப நீ பக்கத்துலதான ஒக்காந்து தின்னுக்கிட்டு இருந்த?"

பதிலுக்கு அவன் நிற்கவில்லை. வாடிப்பட்டி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று மட்டும் சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தான். யாரது வந்தது, சாப்பிடச் சொல்லலாம்ல என்று அம்மா உள்ளேயிருந்து கேட்டார். யாரோ அட்ரஸ் கேட்டு வந்தார்கள் என்றேன்.